கடைசிப் படகு எத்தனை மணிக்கு?

தீவுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு வரைபடம் பாதி உண்மையைத்தான் சொல்லும். மீதி படகு அட்டவணையில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் இரண்டில் ஒன்றுக்கு நாள்தோறும் படகு போய் வந்துகொண்டிருக்கும். மற்றதற்கு வாரத்தில் ஒன்றிரண்டு முறைதான். ஆகவே ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஓர்க்னித் தீவுகளுக்குப் போவது என்று முடிவானபோது, எதையெல்லாம் பார்ப்பது என்பதில் எங்களுக்குள் தகராறு வரவில்லை. எந்த ஊரில் தங்குவது என்பதில்தான் வந்தது.

என் அக்கா மகன் அபர்டீனில் எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறான். காரும் அவனுடையது, லீவும் அவனுடையது. எனவே முதல் யோசனையும் அவனுடையதாகவே இருந்தது.

"அமைதி அமைதின்னு சொல்றீங்களே மாமா, அப்ப பாப்பா வெஸ்ட்ரேதான். மொத்தத் தீவுலயும் நூறு பேர்கூட இல்லை."

"நூறு பேர்கூட இல்லாத ஊர்ல அரிசி எங்கடா வாங்குறது?" என்றாள் என் மனைவி.

"அத்தை, அங்கயும் கடை இருக்கு."

"ஒரு கடையா, ரெண்டு கடையா?"

ஒன்றுதான் என்று அவன் ஒப்புக்கொண்டதும் அவள் தலைநகரமான கிர்க்வால் பக்கம் சாய்ந்துவிட்டாள். நான் அதற்குள் ஸ்ட்ராம்னெஸ் என்ற துறைமுக ஊரின்மீது கண் வைத்திருந்தேன். ஆளுக்கொரு ஊர். மூன்றுக்கும் நியாயம் இருந்தது.

ஓர்க்னி ஏறக்குறைய 70 தீவுகளின் கூட்டம். மக்கள் வாழ்வது இருபது சொச்சம் தீவுகளில். எல்லாரையும் சேர்த்தால் 22,000 பேர் தேறுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெயின்லண்ட் என்று பெயர் கொண்ட நடுத்தீவில் இருக்கிறார்கள். 59 பாகை வட அட்சம். வடக்கு என்றதும் பனிமலையும் பைன் காடும் மனதில் வந்தால் அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். ஓர்க்னி தாழ்ந்த, வழுவழுப்பான பச்சை நிலம். மாடுகள் நிறைய, மரங்கள் அரிது, காற்று ஓய்வதில்லை. உயரம் என்று சொல்லத் தகுந்தது ஹாய் தீவில் மட்டுமே. 15ஆம் நூற்றாண்டு வரை இவை நார்வேயின் வசம் இருந்தன. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசராக இருந்த முதலாம் கிறிஸ்டியன், மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்து மன்னருக்குக் கட்டிக்கொடுத்தபோது சீதனப் பணம் புரளாமல் 1468இல் ஓர்க்னியை அடகு வைத்தார். பணம் கடைசிவரை கட்டப்படவில்லை. 1472இல் தீவுகள் ஸ்காட்லாந்தோடு சேர்ந்தன. மகள் கல்யாணத்துக்கு வைத்த அடகு மூழ்கிப்போவது நம் ஊர்க் கதைதான். இங்கே மூழ்கியது நகையல்ல, ஒரு தீவுக் கூட்டம்.

பாப்பா வெஸ்ட்ரேயை முதலில் சொல்லிவிடுகிறேன். மருமகன் அதைச் சும்மா சொல்லவில்லை. அங்கே நாப் ஆஃப் ஹோவர் என்ற கல்வீடு இருக்கிறது. வடமேற்கு ஐரோப்பாவில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் வீடுகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று, கி.மு. 3700 அளவில் ஆள் குடியிருந்த வீடு. பக்கத்துத் தீவான வெஸ்ட்ரேயிலிருந்து அங்கே போகும் விமானம்தான் உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை. தூரம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; காற்று வாகாக அமைந்த ஒருநாள் 53 விநாடியில் முடிந்ததாகப் பதிவு உண்டு. 1967 முதல் நடக்கிறது. எட்டுப் பேர் உட்காரும் விமானம், விமானியின் தோளுக்குப் பின்னாலேயே இருக்கை.

எல்லாம் சரி. ஆனால் அங்கே தங்கினால் அங்கேயேதான் இருக்க வேண்டும். மற்ற தீவுகளுக்குப் போக மறுபடி அதே விமானம் அல்லது படகு, பிறகு கிர்க்வால், அங்கிருந்து இன்னொரு படகு. கோடையில் கிழக்கே கடலிலிருந்து எழும்பி வரும் மூடுபனியை உள்ளூர்க்காரர்கள் 'ஹார்' என்கிறார்கள். அது இறங்கினால் ஓடுபாதையின் மறுமுனை தெரியாது, விமானம் பறக்காது. ஒரே தீவில் புத்தகம் படித்துக்கொண்டு கிடக்க நினைப்பவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. பல தீவுகளைப் பார்க்க நினைப்பவருக்கு அது கடைசி ஸ்டேஷன். அங்கிருந்து எங்கேயும் கிளம்ப முடியாது.

கிர்க்வாலின் பலம் இதற்கு நேர் எதிர். வடக்குத் தீவுகளுக்கான பெரிய படகுகள் எல்லாம் அதன் துறையிலிருந்தே கிளம்புகின்றன: வெஸ்ட்ரே, சாண்டே, ஸ்ட்ரான்சே, ஈடே, ஷாப்பின்சே. விமான நிலையம் அங்கே. அபர்டீனிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும் கப்பல் இரவு பதினொன்றுக்கு வந்து சேர்வதும் அங்கே. ஊர் நடுவில் 1137இல் தொடங்கிக் கட்டிய செயின்ட் மேக்னஸ் தேவாலயம், சிவப்பும் மஞ்சளுமான மணற்கல்லில். அரசுரிமைச் சண்டையில் எகில்சே தீவில் கோடாலியால் வெட்டிக் கொல்லப்பட்ட மேக்னஸ் பிரபுவின் நினைவாக அவருடைய மருமகன் ராக்ன்வால்ட் எழுப்பியது. 1919இல் பழுது பார்த்தபோது தூண் ஒன்றுக்குள்ளிருந்து மேக்னஸின் எலும்புகள் கிடைத்தன. மண்டை ஓட்டில் வெட்டுக் காயம் அப்படியே இருந்தது. இந்தத் தேவாலயம் எந்தத் திருச்சபைக்கும் சொந்தமில்லை. 1486இல் ஸ்காட்லாந்து மன்னர் அதை ஊர் மக்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டார்; இன்றும் நகரசபைச் சொத்து. என் மனைவி ஒரு பகல் முழுக்க அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

கிர்க்வாலின் தொல்லை சுற்றுலாக் கப்பல்கள். ஆண்டுக்கு 200க்கு மேல் வருகின்றன. பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஒரே காலைப்பொழுதில் மூவாயிரம், நாலாயிரம் பேர் இறங்கினால் என்ன ஆகும்? தேவாலய வாசலில் கொடி பிடித்த வழிகாட்டிகள், கழிப்பறைக்கு வரிசை, ஒரே மாதிரி மழைச்சட்டை போட்ட கூட்டம். நேர்மையாகச் சொன்னால், மாலையில் கப்பல் சங்கு ஊதியதும் ஊர் பழையபடி ஆகிவிடும். ஆனால் வடக்கே இவ்வளவு தூரம் வந்து, ஊர் காலியாவதற்கு மாலைவரை காத்திருப்பானேன்?

தெற்குக் கோடியில் செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப் என்று அழகான சிறு கிராமம் உண்டு. சாலைவழியே போகலாம். இரண்டாம் உலகப் போரில் ராயல் ஓக் என்ற போர்க்கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி ஒன்று துறைக்குள்ளேயே புகுந்து மூழ்கடித்து, 800க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு கடல்வாய்களை அடைக்கச் சர்ச்சில் கட்டச் சொன்ன தடுப்பணைகள்தான் இன்று சாலை. கட்டியவர்கள் பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகள். இரண்டு தகரக் கொட்டகைகளை ஒட்டவைத்து அவர்கள் உருவாக்கிய சிறு தேவாலயம் வழியில் இருக்கிறது. உள்ளே செங்கல்லும் சித்திர வேலைப்பாடும் போலத் தீட்டியவர் டொமெனிகோ கியோக்கெட்டி. பார்க்காமல் வரக்கூடாது. ஆனால் பெரிய அலை அடிக்கும் நாளில் அணைச் சாலை மூடப்படும். தங்குவதற்கு எங்கள் பட்டியலில் அது நிற்கவில்லை.

கடைசியில் ஸ்ட்ராம்னெஸ் என்றே முடிவாயிற்று. என் வாதத்தால் அல்ல. வாடகைக்கு வந்த வீட்டில் நல்ல சமையலறை இருந்தது. என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்ட்ராம்னெஸ்ஸுக்கு வர வேண்டிய விதம் ஒன்று உண்டு. ஸ்காட்லாந்தின் வட கரையில் ஸ்க்ராப்ஸ்டர் துறையிலிருந்து ஹாம்னவோ கப்பலில் வர வேண்டும். ஒன்றரை மணி நேரம். வழியில் ஹாய் தீவின் மேற்குக் கரையை ஒட்டி வரும்போது, 'ஹாயின் கிழவன்' என்ற தனிப்பாறை 137 மீட்டர் உயரத்துக்குக் கடலோரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். 1966இல்தான் முதன்முதலாக மனிதர் அதன் உச்சியில் ஏறினார்கள். அடுத்த ஆண்டு பிபிசி அந்த ஏற்றத்தை நேரலையாகக் காட்டிப் பிரிட்டன் முழுவதையும் தொலைக்காட்சிக்கு முன் உட்கார வைத்தது. ஹாயின் முனையைத் தாண்டியதும் கப்பல் உள்ளே திரும்பும். வீடுகளின் முதுகுப்பக்கம் நேரே தண்ணீரில் நிற்பதுபோல வரிசையாகத் தெரியும். கப்பல் அந்த வீடுகளுக்கு நடுவிலேயே போய் நின்றுவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு ஊருக்குள் வருகிறது.

ஊரில் தெரு என்று சொல்ல ஒன்றுதான். கடலை ஒட்டி ஒரு மைல் நீளத்துக்கு வளைந்து வளைந்து போகும் கல் பாவிய தெரு. போகப் போகப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும். இருவர் கைகோத்து நடக்கும்போது கார் வந்தால் ஒருவர் யாரோ ஒருவர் வீட்டு வாசற்படியில் ஏறி நிற்க வேண்டும். ஓட்டுநர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போவார். தெருவிலிருந்து ஒருபக்கம் கடலுக்கு இறங்கும் சந்துகள், மறுபக்கம் குன்றுக்கு ஏறும் சந்துகள். அவற்றில் ஒன்றுக்குக் கைபர் கணவாய் என்று பெயர். கடலுக்கு இறங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தப் படகுத்துறை. அந்தக் காலத்து வணிகர்கள் பண்டகசாலையிலிருந்தே சரக்கை ஏற்றி இறக்க அப்படிக் கட்டினார்கள்.

தெருவின் தென்கோடியில் மூடிக் கிடக்கும் ஒரு கிணறு. லாகின்ஸ் கிணறு என்பார்கள். ஹட்சன் பே கம்பெனியின் கப்பல்கள் கனடாவுக்குப் போகும் வழியில் கடைசி நல்ல தண்ணீரை இங்கே நிரப்பிக்கொண்டன, 1670 முதல் 1891 வரை. கேப்டன் குக் ஹவாயில் கொல்லப்பட்ட பிறகு அவருடைய இரண்டு கப்பல்களும் 1780இல் இங்கே நின்றன. வடமேற்கு வழி தேடிப்போய்த் திரும்பாத ஃபிராங்க்ளினின் கப்பல்களும் 1845இல் இந்தத் தண்ணீரைத்தான் கொண்டுபோயின. கிணற்றின்மேல் பொறித்த கல் இதையெல்லாம் நாலைந்து வரியில் சொல்லி முடிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தக் கம்பெனியின் கனடா வேலையாட்களில் முக்கால்வாசிப் பேர் ஓர்க்னிக்காரர்கள். குளிரும் துடுப்பும் அவர்களுக்குப் புதிதில்லை, கூலியும் மலிவு. ஃபிராங்க்ளின் குழு என்ன ஆயிற்று என்று 1854இல் இனுயிட் மக்களிடம் கேட்டறிந்து வந்து சொன்ன ஜான் ரே, ஊருக்கு எதிர்க்கரையில் பிறந்தவர். பசியில் மனித மாமிசம் தின்றார்கள் என்ற உண்மையையும் சேர்த்துச் சொன்னதால் லண்டன் அவரைக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

இவ்வளவு பெரிய வரலாற்றை வைத்துக்கொண்டும் இந்த ஊர் அதை விற்கவில்லை. அங்கே எனக்குப் பிடித்தது அதுதான். 1837இல் தொடங்கிய ஓர் அருங்காட்சியகம், 1979இல் தொடங்கிய பியர் ஓவியக் கூடம், ஒரு புத்தகக் கடை, மீன்பிடி சாமான் விற்கும் கடை, கூட்டுறவுப் பல்பொருள் அங்காடி. ஓவியக் கூடத்தில் பார்பரா ஹெப்வொர்த்தின் சிற்பங்கள் பழைய பண்டகசாலைச் சன்னலோரம் கடலைப் பார்த்து நிற்கின்றன, அனுமதி இலவசம். காலை ஆறரைக்கு ஹாம்னவோ கிளம்பும். மாலையில் முக்குளிப்போரின் படகுகள் திரும்பும். 1919 ஜூன் 21 அன்று ஸ்கேப்பா ஃப்ளோ விரிகுடாவில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஜெர்மானியக் கடற்படை, கப்பல்கள் எதிரி கைக்குப் போகக்கூடாது என்று தானே அவற்றை மூழ்கடித்தது. 74இல் 52 மூழ்கின. மீட்காமல் விட்ட சில கப்பல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. அவற்றைப் பார்க்க வருகிறவர்கள் இங்கேதான் தங்குகிறார்கள். ஊர் தன் வேலையில் இருக்கிறது. நாம் வந்ததையும் போனதையும் அது பெரிதாகக் கவனிப்பதில்லை. அமைதியான ஊர் என்று நான் சொல்வது இத்தகைய ஊரைத்தான். ஆளரவமே இல்லாத ஊரில் ஒரு பயணி தனித்துத் தெரிவான். அங்கே அவனுக்கு நிம்மதி கிடையாது.

இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே வாழ்ந்து 1996இல் இறந்தவர் கவிஞர் ஜார்ஜ் மக்கே பிரவுன். படிப்புக்காகச் சில ஆண்டுகள் எடின்பரோவில் இருந்ததைத் தவிர அவர் தீவை விட்டு அதிகம் நகரவில்லை. கதையும் கவிதையுமாக எழுதிக் குவித்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு தெருவும் எதிரே தெரியும் ஹாய் மலையும் அவருக்குப் போதுமாக இருந்தன. வெளியூரிலிருந்து அமைதி தேடி வந்தவர் இசையமைப்பாளர் பீட்டர் மேக்ஸ்வெல் டேவிஸ். 1970களின் தொடக்கத்தில் ஹாயில் ராக்விக் என்ற பாழடைந்த பள்ளத்தாக்கில் குடியேறினார். அந்தக் காலத்தில் ஸ்ட்ராம்னெஸ்ஸுக்கு அருகே யுரேனியம் தோண்டும் திட்டம் வந்தது. ஊர் எதிர்த்தது. 1980இல் அவர் அந்த எதிர்ப்புக்காக ஓர் இசைத் தொடரை எழுதினார். அதில் ஒரு பகுதி 'ஸ்ட்ராம்னெஸ்ஸுக்கு விடை' என்ற ஐந்து நிமிடப் பியானோ இசை. சுரங்கம் வரவில்லை. அந்த இசை மட்டும் உலகம் முழுக்கக் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் வாசிக்கப்படுகிறது. இன்று அதே கரையோரம் பில்லியா க்ரூவில் அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்திரங்களைச் சோதிக்கிறார்கள். 2003இல் தொடங்கிய ஐரோப்பியக் கடல்சக்தி மையத்தின் அலுவலகம் ஸ்ட்ராம்னெஸ்ஸில்.

ராக்விக்குக்குப் போவது இங்கிருந்து எளிது. ஹாயின் வடக்குத் துறைக்குப் போகும் சின்னப் படகில் ஆட்கள் மட்டும்தான் ஏறலாம், கார் ஏறாது. அரை மணி நேரம். கரையில் ஒரு வேன் காத்திருக்கும். ராக்விக் கடற்கரையில் யானைக்குட்டி அளவு உருண்டைக் கற்கள். அங்கிருந்து பாறை முகட்டில் ஏறிக் கிழவன் பாறைக்கு எதிரே போய் நிற்க ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும். பாதை நன்றாகவே இருக்கிறது. காற்றுதான் நம்மை நடக்க விடுவதா என்று ஒவ்வோர் அடியிலும் யோசிக்கிறது. குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வழியில் சதுப்பு நிலத்தின் நடுவே குள்ளன் கல் என்று ஒன்று கிடக்கிறது. ஒரே பெரும் பாறையைக் குடைந்து அறை செய்த கல்லறை, வயது 5000 ஆண்டுக்குக் குறையாது. அதன்மேல் ஒரு பாரசீகக் கல்வெட்டு! ஆப்கானிஸ்தானிலும் பாரசீகத்திலும் உளவு பார்த்த வில்லியம் மவுன்சி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி 1850இல் இங்கே வந்து படுத்துக் கிடந்து, இரண்டு இரவு தங்கிப் பொறுமை கற்றதாகப் பாரசீக மொழியில் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்குப் பொறுமையைக் கற்பித்தது கொசுவைவிடச் சின்னதான மிட்ஜ் பூச்சிகள் என்று கேள்வி. காற்றில்லாத மாலையில் நின்று பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. மருமகன் கைக்கடிகாரத்தைக் காட்டி, "மாமா, கடைசிப் படகு" என்றான். நாங்கள் பொறுமை கற்காமல் இறங்கினோம்.

ஸ்ட்ராம்னெஸ்ஸில் தங்குவதற்கு இன்னொரு பெரிய காரணம் மேற்குக் கரையின் கற்காலம். 1850இல் ஒரு புயல் மணல்மேட்டைப் பிய்த்தெறிந்தபோது வெளிப்பட்ட ஸ்கேரா பிரே கிராமம் காரில் இருபது நிமிடம். எகிப்துப் பிரமிடுகளுக்கும் முந்திய வீடுகள். கல் கட்டில், கல் அடுப்பு, வாசலுக்கு நேரே சாமான் அடுக்கும் கல் அலமாரி. மரம் இல்லாத நாடு என்பதால் எல்லாம் கல்லில் செய்தார்கள், ஆகவே நமக்கு மிஞ்சியது. மேஸ்ஹவ் என்ற கல்லறைக் குன்றுக்குள் குனிந்தே போக வேண்டும். மார்கழியில் பகல் மிகக் குறுகிய நாட்களில் அந்தி வெயில் அந்தச் சுரங்கப்பாதை வழியே உள்ளே பின்சுவரில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் உள்ளே புகுந்த நார்வேக்காரர்கள் சுவரெல்லாம் தங்கள் பெயரையும் பெருமையையும் கிறுக்கிவைத்திருக்கிறார்கள். நம் ஊர் மலைக்குகையில் பெயரும் இதயமும் கீறுபவர்கள் இன்னும் 800 ஆண்டு பொறுத்தால் தொல்லியல் ஆகிவிடுவார்கள் போலும். மேஸ்ஹவ்வுக்கு முன்பதிவு கட்டாயம்.

ஆனால் பிராட்கர் கல்வட்டத்துக்கு முன்பதிவும் கிடையாது, கட்டணமும் கிடையாது, கதவும் கிடையாது. 104 மீட்டர் விட்டம். அறுபது கற்கள் இருந்திருக்கலாம் என்கிறார்கள். இப்போது நிற்பவை 27. ஒருபக்கம் உப்பு ஏறும் ஏரி, மறுபக்கம் நன்னீர் ஏரி, நடுவில் ஒடுங்கிய நிலத்தில் இந்த வட்டம். பகல் பத்து மணிக்குப் போனால் கப்பல் பயணிகளின் பேருந்துகள் வரிசையாக நிற்கும். நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனோம். ஜூனில் அங்கே சூரியன் மறைவது பத்தரை மணி அளவில். மறைந்த பிறகும் இருட்டுவதில்லை. வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டு, காரில் பத்து நிமிடத்தில், ஒன்பதரை மணி வெயிலில் நாலாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்களுக்கு நடுவே நிற்பது கிர்க்வாலில் தங்கியிருந்தாலும் முடியும்தான். ஆனால் அங்கே தங்கியவர்கள் அந்த நேரத்தில் கிளம்புவதில்லை. பக்கத்தில் இருப்பதன் லாபம் தூரக் கணக்கில் மட்டும் இல்லை. இன்னொரு முறை போகலாமே என்று சோம்பலில்லாமல் தோன்றுவதில் இருக்கிறது. அன்று எங்களைத் தவிர அங்கே இருந்தவர்கள் நாயோடு வந்த ஒரு பெண்மணி, புல்லுக்குள்ளிருந்து கத்திக்கொண்டிருந்த நீள மூக்குப் பறவைகள். அவ்வளவுதான்.

வடக்குத் தீவுகளில் வெஸ்ட்ரேக்கு மட்டும் ஓர் இரவு தங்கப் போனோம். ஸ்ட்ராம்னெஸ்ஸிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியும், ஆனால் அது ஓட்டமாகிவிடும்: காலைப் படகைப் பிடிக்கக் கிர்க்வாலுக்கு அரை மணிக்கு மேல், படகில் ஒன்றரை மணி. போனால் தங்குங்கள். 600 பேர் வாழும் தீவு. 2009இல் மணலிலிருந்து தோண்டியெடுத்த, கட்டைவிரல் அளவே உள்ள கற்பெண் உருவம் ஒன்று அங்குள்ள சிறு காட்சியகத்தில் இருக்கிறது. கண், புருவம், மூக்கு கீறிய முகம். ஸ்காட்லாந்தில் கிடைத்த மனித உருவங்களில் அதுவே மிகப் பழையது. பஃபின் பறவைகளையும் அங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தோம்.

எங்கள் வீட்டுக்காரம்மா வயதானவர். முதல் நாளே சாவியோடு சேர்த்து இரண்டு விஷயம் சொன்னார்: "துணி காயப்போட்டால் கிளிப் இரண்டிரண்டாகப் போடுங்கள். எங்கே போனாலும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்." பர்சே தீவுக்குப் போகும்போது இரண்டாவது புத்திமதி இன்னும் கறாராகப் பொருந்தும். அங்கே படகே இல்லை. கடல் வற்றும்போது நடந்து போக வேண்டும். கடல் மிகத் தாழும் நேரத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி, அவ்வளவே அவகாசம். மாட்டிக்கொண்டால் அடுத்த வற்றுவரை பறவைகளோடு உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. காரில்லாமல் போகிறவர், வடக்குத் தீவுகளையே குறிவைத்துப் போகிறவர், கிர்க்வாலில் தங்குவது நல்லது. எழுதவோ படிக்கவோ போகிறவருக்கு வெஸ்ட்ரே அல்லது பாப்பா வெஸ்ட்ரே. மற்ற எல்லாருக்கும் ஸ்ட்ராம்னெஸ்தான், சமையலறையுள்ள வீடாக. சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அரிசியும் பருப்பும் கூட்டுறவு அங்காடியில் கிடைக்கும், உள்ளூர்ப் பாலாடைக் கட்டியும் பேர் என்ற பழைய வாற்கோதுமை ரொட்டியும் நன்றாகவே சேரும். மிளகாய்ப் பொடியும் புளியும் மட்டும் ஊரிலிருந்து எடுத்துப் போங்கள். மே இறுதியில் நாட்டார் இசை விழாவும் ஜூலையில் 'ஷாப்பிங் வாரம்' என்ற ஊர்த் திருவிழாவும் ஸ்ட்ராம்னெஸ்ஸில் நடக்கும். அந்த நாட்களில் அமைதியும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. கோடைக்கு வீடு வேண்டுமென்றால் ஜனவரியிலேயே எழுதுங்கள். கார் ஏற்றும் படகில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அட்டவணை தனி. அதைத் தனியாகப் பாருங்கள்.